இடது மேல் மூலை

ஓசூர்
11-10-1987

கர்த்தருக்குள் பிரியமான பாப்பா ஜெபசீலிக்கு,

அப்பா அற்புதராஜ் எழுதுவது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு வியாழக்கிழமை கிடைத்தது. பாதி இடத்தை விலாசமே தின்றுவிட்டது. மீதியில் நாக்பூரில் இறங்கி பஸ் மாறின கதை. உள்ளூர் தாலுகா ஆபீசுக்கு எழுதுகிற மனுவில்கூட இதைவிட நாலு வார்த்தை கூட இருக்கும். இனிமேல் கவரில் எழுது, பாப்பா.

அம்மா உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். கல்லாவி மாமா கொண்டுவந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஓட்டப் போன பெண் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான் என்று சர்ச்சில் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்கிறாள். குறையா பெருமையா என்று கேட்கிறவர்களுக்குத்தான் விளங்கவில்லை. உன் கார்டை நான் உரக்கப் படித்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. படித்து முடித்ததும் மறுபடியும் உருட்ட ஆரம்பித்தாள்.

சிப்காட்டில் வேலை மும்முரம். தரையில் உட்கார்ந்தே விமானம் ஓட்டிப் பழகுகிற நம் கம்பெனி சிமுலேட்டரை நாங்கள் டப்பா என்றே சொல்லிச் சொல்லி உனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அங்கே போய் அப்படிச் சொல்லித் தொலைக்காதே, சிரிப்பார்கள். டெல்லியிலிருந்து பார்க்க ஆள் வருகிறது என்று மானேஜர் மீட்டர் பேனலை இன்னும் நேர்த்தி பண்ணச் சொல்லியிருக்கிறார். அலுமினியத் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பில்லாத கறுப்பை அடித்து, காய்ந்த பிறகு மறுபடியும் தேய்த்து, மறுபடியும் அடித்தேன். மீட்டர் கண்ணாடியில் பல்பு பட்டுக் கண்ணைக் கூசுகிறது என்று ஒவ்வொரு பல்புக்கும் ஒரு தகரக் குல்லா செய்து மாட்டினேன். பக்கத்து பெஞ்சு திம்மராயன் பார்த்துவிட்டு, "யோவ் அற்புதம், இது நிஜமாவே பறந்துடும்யா, கீழ கட்டிப் போடு" என்றான்.

உன் உதவித்தொகை ஒரு வருஷத்துக்குத்தான் என்பதை மறக்காதே. அதற்குள் லைசென்ஸ் கையில் வந்துவிட வேண்டும். வெளியே பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுகிற பரீட்சையில்தான் எல்லோரும் விழுவார்கள், அதற்கு இரண்டே முறைதான் விடுவார்கள், இரண்டிலும் போனால் வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதில் உனக்கு என்ன பயம்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு டப்பாவுக்குள் போய் உட்கார்ந்து, காபிக்குக்கூட வெளியே வராமல் இரண்டு வருஷம் பழகினவள் நீ. அங்கே வருகிற பணக்காரப் பையன்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பயிற்சிப் பள்ளி விடுதி
2-11-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

கவர் வாங்கிவிட்டேன். திருப்தியா?

நேற்று முதல்முறையாகத் தனியாக ஓட்டினேன். பக்கத்து ஸீட்டில் சார் இல்லை. அவர் இல்லாததால் விமானம் லேசாகி, சட்டென்று மேலே ஏறிவிட்டது. நான் பயந்து, அப்புறம் சிரித்து, அப்புறம் தனியாகவே சத்தம் போட்டுப் பாடினேன். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள், கீர்த்தனை இல்லை. இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து என் தலையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டினார்கள். இங்கே அது வழக்கமாம். குட்டையாக இருப்பதால் நான் தலையணை போட்டுத்தான் உட்காருகிறேன். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், எழுதமாட்டேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள். உரக்கவே படியுங்கள்.

அப்பா, ஒரு விஷயம் மட்டும் சரியாக இல்லை. போன வாரத்திலிருந்து ஹூட் பழக்கம் ஆரம்பித்திருக்கிறது. நெற்றியில் ஒரு நீளமான மறைப்பை மாட்டிவிடுவார்கள், வானமும் தெரியாது தரையும் தெரியாது. மீட்டர்கள் மட்டும்தான் தெரியும். நான் எல்லோரையும்விட இதில்தான் கெட்டிக்காரியாக இருப்பேன் என்று நினைத்தேன். நடப்பது தலைகீழ். ஹூட் இல்லாமல் ஓட்டினால் கை தானாகப் போகிறது. ஹூட்டை மாட்டியதும் யாரோ வேறு ஒருத்தி ஓட்டுகிறாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருக்கும். சார் எதையாவது மாற்றினாலோ, நான் களைத்துப்போனாலோ, எல்லாம் குழம்பிவிடும். "எதைத் துரத்துகிறாய் நீ?" என்று கத்துகிறார். நான் எதைத் துரத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நம் டப்பாவில் நான் எப்படி ஓட்டுவேன் என்று நீங்கள்தான் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். அப்போது என்ன செய்தேன், இப்போது என்ன விட்டுப்போகிறது? யோசித்து எழுதுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பரீட்சை.

ஜெபசீலி


ஓசூர்
15-11-1987

பிரியமுள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைச் சர்ச் வாசலில் வைத்தே படித்தேன். தனியாகப் பறந்தாய் என்ற இடம் வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திம்மராயனிடம் சொன்னேன். அவன் கொல்லையில் சானமாவுக் காட்டு யானைகள் புகுந்து ராகியை மிதித்துப் போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, பாவம், நொந்துபோய் இருந்தான். "போவட்டும்பா, ஒரு நல்ல சேதியாவது வந்துதே" என்று சிரித்தான்.

ஹூட் விஷயத்துக்கு வருகிறேன். இதற்குப்போய் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன் சார் கத்துகிற கத்தலில் நீ மிரண்டுபோய்க் கண்ணை நாலு பக்கமும் அலையவிடுகிறாய், வேறொன்றும் இல்லை. நம் டப்பாவில் நீ முதலில் உட்கார்ந்தபோதும் இதே கூத்துதான். திரும்பும்போதெல்லாம் உயரத்தைக் கோட்டைவிடுவாய். அப்புறம் எப்படிச் சரியாயிற்று? கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாய். அவ்வளவுதான்.

இடது மேல் மூலையை விடாதே. மற்ற மீட்டரையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து அந்த மூலையில் நில். அங்கே முள் இறங்கினால் விமானத்தின் மூக்கைத் தூக்கு, ஏறினால் தாழ்த்து. புத்தகத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம்? இடது பக்கத்திலிருந்துதானே? கண் முதலில் போய் விழுகிற இடம் அது. அதற்காகத்தான் அந்த இடத்துக்கு அவ்வளவு பாடுபட்டேன். பதறும்போது யோசிக்காதே, கை பழகினபடி போகட்டும்.

அம்மா உனக்கு முறுக்கு சுட்டுத் தகர டின்னில் கட்டியிருக்கிறாள். நான்தான் அனுப்பச் சொன்னேன் என்று எழுதச் சொன்னாள். நான் சொல்லவே இல்லை.

ஜெபத்தோடு,
அப்பா


பயிற்சிப் பள்ளி விடுதி
9-12-1987

அப்பாவுக்கு,

பரீட்சையில் தவறிவிட்டேன்.

தவறினது மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை நிதானமாக எழுதியிருப்பேன். ஹூட்டோடு முதல் கால்மணி நேரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் பரீட்சை எடுக்கிற கேப்டன் சொல்லாமல் என்ஜின் விசையைக் குறைத்தார். வேகம் குறையும். அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும், இது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது. இடது மேல் மூலையில் முள் இறங்கிற்று. நான் மூக்கைத் தூக்கினேன். முள் இன்னும் இறங்கியது. இன்னும் தூக்கினேன். விமானம் உதற ஆரம்பித்தது. உதறின பிறகும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு இறக்கை சாய்ந்தது. அவர் என் கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டார். இறங்கிய பிறகு, "என்னையும் சேர்த்துக் கொன்றிருப்பாய், தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அறைத்தோழி, பஞ்சாபிப் பெண், என்னை அழவிடவில்லை. கண்ணை மூடு என்றாள். எதிரே பேனல் இருக்கிறதாக நினைத்துக்கொள், நான் சொல்கிற மீட்டரைத் தொட்டுக் காட்டு என்றாள். உயரம் என்றாள். என் கை இடது மேல் மூலைக்குப் போயிற்று. வேகம் என்றாள். வலது பக்கம் போயிற்று. கண்ணைத் திறந்தால் அவள் என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

அப்பா, இங்கே ஓட்டுகிற எந்த விமானத்திலும் இடது மேல் மூலையில் இருப்பது வேக மீட்டர். உயர மீட்டர் வலது பக்கம். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருக்கிறது. எழுத்துப் பரீட்சையில் நானே சரியாக வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். மூளைக்குத் தெரியும். பதறும்போது மூளையா ஓட்டுகிறது? கைதான் ஓட்டுகிறது. கைக்கு நம் டப்பாதான் தெரியும். உயரம் குறைந்தால் தூக்க வேண்டும், வேகம் குறைந்தால் தாழ்த்த வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

டப்பாவில் முதலில் சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் உயரத்தைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது இரண்டும் இடம் மாறியிருந்தன. கேட்டேன். புது டிராயிங் வந்திருக்கிறது என்றீர்கள். வந்ததா?

ஜெபசீலி


ஓசூர்
20-12-1987

ஜெபசீலிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நான் ஏதோ விரோதி மாதிரி விசாரணை போட்டிருக்கிறாய்.

ஆமாம், நான்தான் மாற்றினேன். புது டிராயிங் வரவில்லை. இரண்டு மீட்டருக்கும் தகட்டில் ஓட்டை ஒரே அளவுதான், கழற்றி மாட்ட அரைமணிகூட ஆகாது. நீ உயரத்தை விட்டுவிட்டு, சிவப்பு விளக்கு எரிந்து, வெளியே வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாயே, அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் உயரத்தை உன் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தேன். அடுத்த வாரமே நூல் பிடித்த மாதிரி ஓட்டினாய். மானேஜரே கை தட்டினார். இது நல்ல யோசனை, விற்கிற டப்பாவிலும் இப்படியே வைக்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். அப்போதெல்லாம் இனித்தது, இப்போது கசக்கிறதோ?

டிராயிங் போட்ட வெள்ளைக்காரன் என்ன வேதமா எழுதினான்? சிப்காட்டில் இத்தனை வருஷமாக டிராயிங்கில் உள்ள தப்பையெல்லாம் அரத்தால் திருத்தித்தான் இந்தக் கம்பெனியே ஓடுகிறது. கோணல் ஓட்டையை நேராக்குவோம், கைக்கு எட்டாத சுவிட்சை எட்ட வைப்போம். நேர்த்தி பண்ணுவது என்றால் அதுதான். ஒருத்தரும் செத்துப்போகவில்லை.

எழுத்துப் பரீட்சையில் சரியாக வரைந்தேன் என்கிறாய். அப்புறம் ஓட்டும்போது மட்டும் எப்படி மறக்கும்? பயந்துவிட்டாய், அதை ஒத்துக்கொள்ள மனசில்லை, பழியைப் போட ஒரு அப்பன் கிடைத்தான். திம்மராயனிடம் சொன்னேன். "ஆய்து பிடு", ஆனது ஆயிற்று விடு, என்று கன்னடத்தில் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டான். விட எனக்கு முடியவில்லை. கல்லாவி மாப்பிள்ளைக்கே கட்டிக்கொடுத்திருக்கலாம் என்று அம்மா சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது.

பண்டிகைக்கு வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை.

அற்புதராஜ்


பயிற்சிப் பள்ளி விடுதி
18-1-1988

அப்பாவுக்கு,

கிறிஸ்துமசுக்கு நான் வாழ்த்து எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. சரிக்குச் சரி ஆயிற்று.

கல்லாவி மாப்பிள்ளைக்குப் போன ஆவணியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மாமா பத்திரிகை அனுப்பியிருந்தார். அம்மாவைக் கேளுங்கள்.

இரண்டாவது பரீட்சை பிப்ரவரி இருபதாம் தேதி. அதோடு சரி. சார் நல்லவர், என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். யார் அந்த பேனலைச் செய்தது என்றார். ஒரு கம்பெனி என்றேன்.

இடது வேகம், வலது உயரம். பல் தேய்க்கும்போது சொல்கிறேன். சாப்பிடும்போது சொல்கிறேன். தட்டில் இடது பக்கம் வேகம், வலது பக்கம் உயரம். அப்பா, கற்றுக்கொள்வதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். மறப்பதைப் பார்த்ததில்லை. கற்றுக்கொள்ளும்போது வெறும் இடத்தில் எழுதுகிறோம். இப்போது எழுதினதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன், கீழே இருப்பது அழியமாட்டேன் என்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த டப்பாவில் மீட்டரைப் பழைய இடத்தில் மாட்டிவிடுங்கள். மானேஜர் எழுதிக் கேட்பதற்குள் மாட்டிவிடுங்கள். நீங்கள் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ளக்கூட வேண்டாம். மாட்டினால் போதும்.

ஜெபசீலி


ஓசூர்
27-1-1988

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்லாவி மாப்பிள்ளை விஷயத்தை விட்டுவிட்டுப் படிக்கப் பார்த்தேன், அதற்குள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசிவரை படித்தாள். "ஏங்க, என்னாத்துக்கு இன்னும் வம்பு பேசிக்கிட்டு? புள்ள தட்டைப் பார்த்துச் சோறு தின்னாம மீட்டர் பார்த்துக்கிட்டு இருக்குது. போயி அதை மாட்டிட்டு வாங்க" என்றாள். உனக்காக அவள் வாய் திறந்து என்னிடம் பேசினது இதுதான் முதல் தடவை.

போனேன். மாட்டினேன். திம்மராயனும் கூட இருந்தான். மாட்டி முடித்த பிறகு எனக்கு என்ன தோன்றிற்றோ, உள்ளே ஏறி உட்கார்ந்தேன். உனக்கு வழிகாட்டின நாளில் நானும் விளையாட்டுக்கு ஓட்டிப் பழகினவன்தானே. திரையை இழுத்து மூடச் சொன்னேன். நான் சொல்லாத நேரத்தில் விசையைக் குறையப்பா என்று திம்மராயனிடம் சொல்லிவைத்தேன். நான் மாட்டின மீட்டர். என் கையால், அப்போதுதான் மாட்டின மீட்டர். எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவன் குறைத்தான். இடது பக்க முள் இறங்கிற்று. நான் இழுத்துத் தூக்கினேன், பாப்பா. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் எரிந்தது.

டப்பாவில் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். திம்மராயன் கதவைத் திறந்துவிடுவான், வெளியே வந்து டீ குடிக்கலாம். நீ அன்றைக்கு நிஜமான வானத்தில் இருந்தாய் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்துவிட்டாய் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

தப்பு என்னுடையது. எழுதிவிட்டேன், இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அட்டையில் ஒரு பேனல் வரைந்து இத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். டிராயிங்கில் உள்ளபடி, ஒரு நூல்கூட நகர்த்தாமல். முட்களை ஆணி வைத்துச் சுற்றுகிறபடி செய்திருக்கிறேன். அறைத்தோழியை முள்ளைத் திருப்பச் சொல், நீ கையை அசைத்துப் பழகு. உனக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேலே இருக்கிறது. அம்மா உபவாசம் இருக்கிறாள், என்னையும் இருக்கச் சொல்கிறாள்.

அப்பா


பயிற்சிப் பள்ளி விடுதி
21-2-1988

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டை பேனல் சேதமில்லாமல் வந்தது. கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். அறைத்தோழி தூக்கம் விழித்து முள்ளைத் திருப்பினாள். என் கை சரியாகப் போக ஆரம்பித்தது. பத்துக்குப் பத்தும் சரியாக. நேற்று விமானத்தில் ஏறும்போது எனக்கு நம்பிக்கை இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

விமானம் உதறவில்லை. இந்த முறை எதையும் தலைகீழாகச் செய்யவில்லை. அதே கேப்டன்தான். விசையைக் குறைத்தார், மூக்கைத் தாழ்த்தினேன். சரி. திருப்பச் சொன்னார், திருப்பினேன். சரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிறுத்தம். முள் இறங்குகிறது, இது உயரம், இல்லை, இடது வேகம், அப்படியானால் தாழ்த்து. அவ்வளவையும் உள்ளே சொல்லி முடித்துத்தான் கை நகர்கிறது. ஓசூர் சந்தையில் அம்மா கன்னடத்துக்காரரிடம் விலை பேசும்போது தமிழில் எண்ணிவிட்டுக் கன்னடத்தில் சொல்வாளே, அந்த மாதிரி. சந்தையில் கடைக்காரர் காத்திருப்பார். விமானம் காத்திருக்காது.

இறங்கியதும் அவர் இந்த முறை கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உன் விடை எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றையும் யோசித்துச் சொல்கிறாய். மேகத்துக்குள்ளே, காற்று அடிக்கும்போது, பின்னால் ஆட்களை வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் இருக்காது. உன்னிடம் ஜனங்களை ஒப்படைக்க என்னால் கையெழுத்துப் போட முடியாது, மகளே" என்றார். சார் எனக்காகப் பேசிப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை. கேப்டன் சொன்னது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

உதவித்தொகை நின்றுவிட்டது. மார்ச் முதல் வாரத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அறைத்தோழிக்குப் போன வாரமே பாஸ். என் முன்னால் சிரிக்கக்கூடாது என்று குளியலறையில் போய்ச் சிரித்தாள், கேட்டது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது அப்பா. நிறைய இருக்கிறது. நீங்கள் என்மேல் பிரியத்தில்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரிவதால் அதைக் காட்டவும் இடமில்லை. வேறு யாராவது செய்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஜெபசீலி


ஓசூர்
1-3-1988

என் கண்ணு ஜெபசீலிக்கு,

மானேஜர் காலில் விழாத குறையாகக் கேட்டு உங்கள் பள்ளிக்குத் தந்தி அடிக்கவைத்தேன். பேனலில் மாற்றம் செய்தது கம்பெனி ஆள்தான், பெண் மேல் குற்றமில்லை, இன்னொரு முறை விட வேண்டும் என்று. பதில் வந்தது. வருத்தமாம், விதி அப்படியாம். மானேஜர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேனல் பெஞ்சிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். உடனே மாற்றிவிட்டார். இப்போது மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டினாலாவது தேவலை. "புள்ள வந்தா போதும்" என்று ஒரே பேச்சு. உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறாள்.

வந்துவிடு, பாப்பா. கோபத்தோடேயே வா. கோபம் போன பிறகு வரலாம் என்று இருந்துவிடாதே. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நீ வருகிற அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், நீ சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். நீயாகப் பேசுகிற வரைக்கும் நான் பேசமாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. நீ வீட்டுக்குள் நடமாடுகிற சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

என்றைக்கு வருகிறாய் என்று அம்மா பேருக்கு ஒரு கார்டு போடு. ஒரு வரி போதும்.

அப்பா


பெங்களூர்
26-3-1988

அன்புள்ள அப்பாவுக்கு,

தபால் முத்திரையைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். நான் இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் இறங்கி எதிரே பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். "அத்திப்பள்ளி, ஓசூர், ஓசூர்" என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். உள்ளே இடம் இருந்தது. "ஹத்தம்மா" என்று ஏறச் சொல்லி, எனக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கூட வைத்தான். ஏற முடியவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏற முடியவில்லை. சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்.

சபைக்காரர்கள் நடத்துகிற பெண்கள் விடுதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பஸ் டிக்கெட் எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது. யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கஷ்டமில்லை. விடுதிக்கு மேலேதான் விமானங்கள் இறங்குகின்றன, ஜன்னலெல்லாம் அதிருகிறது. வேறு இடம் பார்த்தேன், அகப்படவில்லை.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். போர்வையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் பேக்கிங்குக்குப் போயிருக்க வேண்டாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தீர்களா?

விலாசம் எழுதவில்லை. ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான், நீங்கள் நினைத்தால் விடுதி விடுதியாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வரவேண்டாம் அப்பா. நீங்கள் வந்து வாசலில் நின்றால் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உங்களோடு கிளம்பிவிடுவேன். அப்புறம் ஆயுசு முழுக்க நீங்கள் கோபம் போகாத என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும்.

ஜெபசீலி